ஆறரை மணி பஸ்

மலேசியாவில் அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும் மாணவரின் தகுதிப் புள்ளி நூறு. அதில் தொண்ணூறு தேர்வுக்கு. பத்து புறப்பாட நடவடிக்கைக்கு. சீருடை இயக்கம், கழகம், விளையாட்டு ஆகிய மூன்றிலும் சேர்ந்து, தவறாமல் வந்து, பொறுப்பேற்று, போட்டிகளுக்கும் போய் வந்தால்தான் அந்தப் பத்து நிறையும். பாரிட் புந்தார் வட்டாரத்து இடைநிலைப்பள்ளிகளில் நெடுங்காலம் தமிழாசிரியையாக இருந்தவள் நான். பாடத்தில் நன்றாகத் தேறிய பிள்ளைகள் இந்தப் பத்தில் பின்தங்கி, கேட்ட துறை கிடைக்காமல் நின்றதை ஆண்டுதோறும் பார்த்திருக்கிறேன். "நம்ம பிள்ளைங்களுக்கு இதுல எல்லாம் ஆர்வம் இல்லை டீச்சர்" என்று சொன்னவர்கள் உண்டு. நம்மவர்களே சொன்னார்கள். அது உண்மையில்லை. அந்தப் பத்துப் புள்ளிக்குப் பின்னால் நூறு ஆண்டு வரலாறு இருக்கிறது. யாருக்கு மாலை நேரம் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்பதுதான் அந்த வரலாறு.

எங்கள் ஊரின் அமைவிடத்தை முதலில் சொல்ல வேண்டும். பேராக் மாநிலத்தின் வடமேற்கு மூலையில், கிரியான் ஆற்றங்கரையில் இருக்கிறது பாரிட் புந்தார். ஆற்றைத் தாண்டினால் கெடாவின் பண்டார் பாரு. கொஞ்சம் வடக்கே போனால் பினாங்கைச் சேர்ந்த நிபோங் திபால். மூன்று மாநிலத்துப் பிள்ளைகளும் ஒரே கடைத்தெருவில் நோட்டுப் புத்தகம் வாங்குவார்கள். ஊரைச் சுற்றி வயல். புக்கிட் மேராவில் அணை கட்டித் தண்ணீரைக் கால்வாய் வழியாகக் கொண்டுவந்த கிரியான் நீர்ப்பாசனத் திட்டம் 1906-இல் முடிந்தது. மலாயாவின் முதல் பெரிய நீர்ப்பாசனத் திட்டம் அதுதான். ஆனால் தமிழர்கள் இங்கே வந்தது நெல்லுக்காக அல்ல, கரும்புக்காக. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கிரியானும் பக்கத்திலிருந்த செபராங் பிறையும் சீனிக்குப் பேர் போனவை. ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் அந்தக் கரும்புக் காட்டில்தான் முதலில் இறங்கினார்கள். 1910-இல் மலாயாவில் இந்திய ஒப்பந்தக் கூலிமுறை ஒழிந்தது. அதே காலத்தில் கரும்பு சாய்ந்து ரப்பர் எழுந்தது. கூலிகள் அதே லயத்தில், அந்த வரிசை வீடுகளில், இருந்தார்கள். கையில் இருந்த கத்தி மட்டும் மாறியது.

தோட்டம் என்றால் ஊருக்கு வெளியே. கோலகுராவ் பக்கமும் பாகான் செராய் பக்கமும் செம்மண் சாலையில் உள்ளே போய்க்கொண்டே இருக்க வேண்டும். பெரிய சாலைக்கு வரவே சைக்கிளில் அரை மணி நேரம் ஆகும். பின்னால் சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் வேர் இந்தத் தூரத்தில்தான் இருக்கிறது.

புறப்பாடம் என்று இன்று நாம் சொல்வது ஆங்கிலப் பள்ளிகள் வழியாக இந்நாட்டுக்கு வந்தது. பிரிட்டனின் தங்கும் பள்ளிகளில் திடலும் விளையாட்டும் பாடத்துக்குச் சமமாகக் கருதப்பட்டன. ஆட்சிக்கு ஆள் தயாரிக்கும் இடம் திடல்தான் என்று அவர்கள் நம்பினார்கள். அந்த நம்பிக்கையோடு வந்த தலைமையாசிரியர்கள் கோலாலம்பூர், பினாங்கு, தைப்பிங், ஈப்போ என்று போன இடமெல்லாம் திடல் வெட்டினார்கள். மாணவர்களை நிறம் வாரியாக இல்லங்களாகப் பிரித்தார்கள். சொற்போர்க் கழகம் வைத்தார்கள். சாரணர் இயக்கம் 1908-லேயே பினாங்கில் கால் வைத்துவிட்டது. பாரிட் புந்தாரிலும் மெதடிஸ்ட் சபையின் ஆங்கிலப் பள்ளி எழுந்தது. ரயில் நிலையம், நீதிமன்றம், மாவட்ட அலுவலகம் எல்லாம் உள்ள ஊர் என்பதால் குமாஸ்தா, கங்காணி, கடைக்காரர் வீட்டுப் பிள்ளைகள் அங்கே படித்தார்கள். தமிழ்ப் பிள்ளைகளும் இருந்தார்கள். ஆனால் அவர்கள் பட்டணத்திலும் தோட்டத்து அலுவலகத்திலும் வேலை பார்த்தவர்களின் பிள்ளைகள். மருத்துவமனை உதவியாளரின் மகன், ரயில்வே ஊழியரின் மகன், தோட்டத்துத் தலைமை எழுத்தரான பெரிய கிராணியின் மகன். கால்சட்டை மாட்டி ஹாக்கி மட்டை பிடித்த அந்தப் பையன்களின் புகைப்படங்கள் பழைய குடும்பங்களின் வீட்டுச் சுவர்களில் இன்னமும் தொங்குகின்றன.

ரப்பர் மரத்தில் பால் வெட்டுபவரின் பிள்ளைக்கு வேறு பள்ளி. பள்ளி வயதில் பத்துப் பிள்ளைகளோ அதற்கு மேலோ இருக்கும் தோட்டத்தில் முதலாளி பள்ளி வைக்க வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது. தோட்டத் தமிழ்ப்பள்ளிகள் அப்படித்தான் பெருகின. ஒரே கொட்டகை, ஒரே ஆசிரியர். அந்த ஆசிரியரே பல இடங்களில் காலையில் வேலையாட்கள் கூடும் பெரட்டில் ஆள் கணக்கும் எழுதினார். பிள்ளைகள் விடியலில் அம்மாவோடு மரத்தடிக்குப் போய் பால் பிடிக்கும் மங்குகளைத் துடைத்துவிட்டுப் பள்ளிக்கு வந்தார்கள். படிப்பு ஆறாம் ஆண்டோடு முடியும். அதற்கு மேல் படிக்க வழியில்லாத பிள்ளைக்கு இடைநிலைப்பள்ளித் திடலைப் பற்றி நினைக்க என்ன இருக்கிறது?

ஆனால் தோட்டத்துக்கென்று ஒரு மாலை நேரம் இருந்தது. நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். பால் நிறுத்து ஊற்றியாகிவிட்டால் பகல் இரண்டு மணிக்கு மேல் ஆட்களுக்கு ஓய்வு. அந்த மாலையில் தோட்டம் தானாகவே ஒரு பள்ளிக்கூடமாக மாறும். பெரட்டுக் களத்தில் இளவட்டங்கள் சிலம்பம் சுற்றுவார்கள். கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகைக்குப் பின்னால் காற்பந்து. திருவிழாவுக்கு இரண்டு மாதம் முன்னாலேயே கோயில் முன்றிலில் நாடக ஒத்திகை தொடங்கிவிடும். காற்றடிக்கும் கேஸ் விளக்கை மரத்தில் கட்டி, வசனத்தை ஒருவர் உரக்கப் படிக்க, எழுத்துத் தெரியாதவர்கள் கேட்டு மனப்பாடம் செய்வார்கள்.

1950-களில் இந்த மாலைக்கு ஓர் அமைப்பு வந்தது. கோ. சாரங்கபாணி நடத்திய தமிழ் முரசு நாளிதழ் பிள்ளைகளுக்கென்று மாணவர் மணிமன்றம் என்ற பகுதியைத் தொடங்கியது. அதில் எழுதிய பிள்ளைகள் ஊர் ஊராக மன்றம் கூட்டினார்கள். அந்த மன்றங்கள் வளர்ந்து தமிழ் இளைஞர் மணிமன்றம் ஆயின. சாரங்கபாணி 1952-இல் தொடங்கிவைத்த தமிழர் திருநாள் அந்த மன்றங்களுக்கு ஆண்டுக்கொரு மேடையைத் தந்தது. பேச்சுப் போட்டி, கட்டுரைப் போட்டி, கோலப் போட்டி, கபடி எல்லாம் அந்த மேடையைச் சுற்றி நடந்தன. தலைவர், செயலாளர், பொருளாளர் என்று தேர்தல் வைத்துப் பொறுப்புக் கொடுத்தார்கள். கூட்டக் குறிப்பு எழுதினார்கள். வரவுசெலவு வாசித்து ஒப்புதல் வாங்கினார்கள். இன்று இடைநிலைப்பள்ளிக் கழகத்தில் நாங்கள் பிள்ளைகளுக்குக் கற்றுத்தருகிற அத்தனை காரியத்தையும் ஆறாம் ஆண்டோடு நின்ற பால்மரத் தொழிலாளர்கள் அன்றே செய்துகொண்டிருந்தார்கள். என் அப்பா அப்படி ஒரு மன்றத்துக்குப் பொருளாளர். அவருடைய கணக்குப் புத்தகத்தில் மண்ணெண்ணெய்க்கும் கதம்பத்துக்கும் சோடாவுக்கும் காசு எழுதியிருக்கும். கீழே இரண்டு பேர் கையெழுத்து. ஒரு காசுகூடப் பிசகாது.

1957-இல் நாடு விடுதலை பெற்றது. அதற்கு முந்தின ஆண்டு ரசாக் அறிக்கை, 1960-இல் ரஹ்மான் தாலிப் அறிக்கை, 1961-இல் கல்விச் சட்டம் என்று கல்வியமைப்பு வேகமாக மாறியது. எங்களைப் போன்றவர்களுக்கு உண்மையான கதவு திறந்தது 1965-இல். அதற்கு முன் ஆறாம் ஆண்டு முடிவில் ஒரு நுழைவுத் தேர்வு இருந்தது. அதில் தேறியவர்களே இடைநிலைப்பள்ளிக்குப் போக முடியும். அந்தத் தேர்வை 1964-இல் அரசாங்கம் எடுத்துவிட்டது. அடுத்த ஆண்டிலிருந்து மூன்றாம் படிவம் வரை எல்லாருக்கும் இடம். தமிழ்ப்பள்ளியிலிருந்து வருபவர்கள் முதலில் ஓராண்டு புகுமுக வகுப்பில் உட்கார்ந்துவிட்டு முதல் படிவத்துக்குப் போக வேண்டும். தோட்டத்துப் பிள்ளைகள் கூட்டமாகப் பட்டணத்துப் பள்ளிக்குள் நுழைந்தது அப்போதுதான். முதல் முறையாகத் திடல், இல்லம், சாரணர், செஞ்சிலுவை எல்லாம் கைக்கு எட்டும் தூரத்தில் வந்தன.

கைக்கு எட்டியதை எடுக்கவிடாமல் குறுக்கே நின்றது பஸ்.

நான் 1970-களின் பிற்பகுதியில் புகுமுக வகுப்புக்கு வந்தேன். அன்றைக்கு எங்கள் வட்டாரத்துப் பள்ளிகளில் இட நெருக்கடியால் இருவேளைப் பள்ளி நடந்தது. புகுமுக வகுப்பும் கீழ்ப் படிவங்களும் மதியப் பள்ளி. நான்காம், ஐந்தாம் படிவங்கள் காலைப் பள்ளி. பள்ளி பஸ் நாளைக்கு மூன்று நடை ஓடும். காலையில் பெரிய பிள்ளைகளைக் கொண்டுவந்து விடும். நடுப்பகலில் சின்னப் பிள்ளைகளை இறக்கிவிட்டுப் பெரியவர்களை ஏற்றிக்கொள்ளும். மாலை ஆறரைக்குச் சின்னவர்களை ஏற்றிக்கொண்டு கிளம்பும். மேற்படிவத்துப் பிள்ளைகளுக்குப் புறப்பாட நடவடிக்கை பிற்பகல் இரண்டரையிலிருந்து நாலரை வரை. அதில் கலந்துகொள்ள வேண்டுமானால் ஒன்றரை மணி பஸ்ஸை விட்டுவிட வேண்டும். விட்டால், அடுத்தது ஆறரை மணி பஸ்தான். அதில் ஏறித் தோட்டத்து முச்சந்தியில் இறங்கும்போது இருட்டிவிடும். அங்கிருந்து லயத்துக்கு நடக்க வேண்டும். இரு பக்கமும் ரப்பர் மரம். விளக்குக் கம்பம் ஒன்றுகூட இல்லை.

பையன்கள் சமாளித்தார்கள். பெண் பிள்ளைகள் விஷயம் வேறு. நான்காம் படிவத்தில், முதலுதவி கற்றுத்தரும் செம்பிறைச் சங்கத்தில் சேரப் பெயர் கொடுத்துவிட்டு வீட்டில் சொன்னேன். "பொட்டப்புள்ள இருட்டுல எப்படிம்மா வருவ?" என்றார் அப்பா. மன்றத்தில் பெண்கள் மேடை ஏற வேண்டும் என்று பேசியவர் அவர். அவருக்கு மனமில்லாமல் இல்லை. முச்சந்தியில் நடந்த சில சம்பவங்கள் அவருக்குத் தெரியும். கடைசியில் அம்மா ஒரு வழி சொன்னார். தோட்டத்திலிருந்து மதியப் பள்ளிக்குப் போகிற சின்னப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். நான் அவர்களுக்குத் துணையாக வர வேண்டும். அவர்களுடைய அப்பாமார்களில் ஒருவர் முறை வைத்து டார்ச் விளக்கோடு முச்சந்திக்கு வர வேண்டும். புதன்கிழமை என்றால் அப்பா முறை. நான் செம்பிறையில் சேர்ந்தது அந்த ஏற்பாட்டால்தான்.

அந்தச் சங்கம் எனக்கு என்ன தந்தது என்பதைச் சொல்கிறேன். கவாத்துக்கு உத்தரவு எல்லாம் மலாயில். 'செடியா' என்றால் விறைத்து நிற்க வேண்டும். 'செனாங் டிரி' என்றால் கால் அகற்றித் தளர வேண்டும். 'கெ கானான் புசிங்' என்றால் வலப்புறம் திரும்ப வேண்டும். தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்து, வகுப்பில் மலாயில் வாய் திறக்கக் கூசிய பெண்கள் நாங்கள். இரண்டு மாதத்தில் அணிக்கு உத்தரவிடும் முறை என்னிடம் வந்தது. மலாய், சீனப் பெண்கள் உட்பட முழு அணியும் என் குரலுக்குத் திரும்பியது. அன்றோடு அந்தக் கூச்சம் போய்விட்டது. முக்கோணத் துணியை மடித்து உடைந்த கையைத் தாங்கும் கட்டுப் போடக் கற்றுக்கொண்டேன். முடிச்சு பின்கழுத்து எலும்பின் மேல் உட்காராமல் பக்கவாட்டில் வர வேண்டும், விரல் நுனிகள் வெளியே தெரிய வேண்டும், அவை நீலம் பாரிக்கின்றனவா என்று அடிக்கடி பார்க்க வேண்டும். ஒருமுறை தோட்டத்தில் கிளை விழுந்து கை முறிந்த ஓர் அக்காவுக்கு ஆஸ்பத்திரி வண்டி வரும்வரை நான்தான் கட்டுப் போட்டேன். அவருடைய சேலை முந்தானையைக் கிழித்துச் செய்தேன். தோட்டத்து மருந்துக்கடை உதவியாளர் பார்த்துவிட்டு, பிரிக்க வேண்டாம் என்றார்.

இன்னொரு மாலையும் எங்களுக்கு இருந்தது: தமிழ்மொழிக் கழகம். தேசிய இடைநிலைப்பள்ளியில் தமிழ் ஒரு வழக்கமான பாடமாக இல்லை. தாய்மொழி வகுப்பு என்ற பெயரில், குறைந்தது பதினைந்து பிள்ளைகளின் பெற்றோர் கேட்டால் நடத்தலாம் என்பது சட்டம். பல பள்ளிகளில் அந்த வகுப்பும் பள்ளி நேரத்துக்கு வெளியேதான் நடந்தது. ஆகவே பட்டணத்துப் பள்ளியில் தமிழ் படிப்பதே எங்களுக்கு ஏறத்தாழ ஒரு புறப்பாட நடவடிக்கைதான். கழகம் அந்த வகுப்புக்கு உயிர் கொடுத்தது. அங்கே சொற்போர் நடந்தது. பொங்கலுக்குப் பள்ளித் திடலில் அடுப்பு மூட்டினோம். ஆண்டுக்கொரு கையேடு போட்டோம்.

அந்தக் கையேட்டைப் போட்டது ஒரு தனி வித்தை. பள்ளியில் தமிழ்த் தட்டச்சு இயந்திரம் இல்லை. மெழுகு பூசிய ஸ்டென்சில் தாளில் இரும்பு முனை கொண்ட எழுதுகோலால் கையால் எழுத வேண்டும். அழுத்தம் குறைந்தால் மை இறங்காது. கூடினால் தாள் கிழியும். அன்றைக்கு நாங்கள் எழுதியது பழைய எழுத்துமுறை. லையும் ணையும் துதிக்கையோடு சுழியும். அந்தச் சுழியில் எழுதுகோல் தன் கோட்டையே வெட்டி ஓட்டை போட்டுவிடும். அங்கே திருத்து மையை ஒரு சொட்டு வைத்து, ஊதி உலர்த்தி, அதன்மேல் மறுபடி எழுத வேண்டும். என் கையெழுத்து உருண்டையாக இருக்கும் என்பதால் இந்த வேலை எனக்கு வந்தது. சைக்ளோஸ்டைல் இயந்திரம் அலுவலகத்தில் இருந்தது. குமாஸ்தாக்கள் போன பிறகு, ஆசிரியர் ஒருவர் பொறுப்பேற்றால் பயன்படுத்தலாம். கைப்பிடியைச் சுற்றச் சுற்ற எங்கள் கட்டுரையும் கவிதையும் ஒவ்வொரு தாளாக விழும். மழைக்காலத்தில் தாள் ஈரம் குடித்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மேசையில் விரித்துக் காற்றாட விடுவோம். அந்தக் கையேட்டில் முதல் கதை எழுதிய சிலர் பிற்பாடு பத்திரிகைகளில் எழுதினார்கள். மலாயாப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவை 1980-களில் சிறுகதைப் போட்டி தொடங்கி மாணவர்களுக்கும் பிரிவு வைத்தபோது, அதற்குக் கதை அனுப்பத் துணிவு வந்தது இத்தகைய கையேடுகளில் பழகிய கைகளுக்குத்தான்.

விளையாட்டில் எங்களுக்கு முன்னோடிகள் இருந்தார்கள். பேராக்கில் பிறந்த இரண்டு தமிழர்கள் 1966-இல் பாங்காக் ஆசிய விளையாட்டில் ஓடி நாட்டையே நிமிர வைத்தார்கள். கோலகங்சாரில் பிறந்த மணி ஜெகதீசன் 100 மீட்டர், 200 மீட்டர், நால்வர் தொடரோட்டம் மூன்றிலும் தங்கம் வென்றார். தாப்பாவில் பிறந்த எம். ராஜமணி பெண்கள் 400 மீட்டரில் தங்கம் வென்றார். நாட்டின் முதல் சிறந்த விளையாட்டு வீரர், வீராங்கனை விருதுகள் அந்த ஆண்டு இவர்கள் இருவருக்கும் போயின. 1968-இல் மெக்சிகோவில் ஜெகதீசன் 200 மீட்டரை 20.92 விநாடியில் ஓடி வைத்த தேசியச் சாதனை 2017 வரை நின்றது. ஒரு தமிழ்ப் பெண் அரைக் கால்சட்டை போட்டு நாட்டுக்காக ஓடலாம், அதற்காக நாடு அவளை மதிக்கும் என்பதை எங்கள் அம்மாக்களிடம் எடுத்துச் சொல்ல எங்களுக்கு இருந்த ஒரே சான்று ராஜமணிதான். அவர் பெயரைச் சொல்லித்தான் என் தோழிகள் திடல்தடப் போட்டிக்கு அனுமதி வாங்கினார்கள்.

1979-இல் அமைச்சரவைக் குழுவின் கல்வி அறிக்கை வெளிவந்தது. பிள்ளையை முழு மனிதனாக வளர்ப்பதில் புறப்பாடத்துக்குப் பங்கு உண்டு என்று அது வலியுறுத்தியது. 1989-இல் இடைநிலைப்பள்ளிக்கு ஒருங்கிணைந்த கலைத்திட்டம் வந்தது. நான் அதற்குள் ஆசிரியை ஆகிவிட்டேன். புறப்பாடத்தில் விரும்பினால் சேரலாம் என்று இருந்தது, எல்லாரும் சேர வேண்டும் என்று ஆனது. 2002-இல் பல்கலைக்கழகச் சேர்க்கை இன ஒதுக்கீட்டிலிருந்து தகுதிமுறைக்கு மாறியது. 2011-இல் ஒரு மாணவர் ஒரு விளையாட்டு என்ற கொள்கை வந்தது. பிறகு உடல், விளையாட்டு, புறப்பாட மதிப்பீடு முழுவதும் கணினிக்குப் போனது. வருகை, வகிக்கும் பதவி, பங்கேற்ற நிலை, பெற்ற வெற்றி என்று ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டம்.

பங்கேற்ற நிலை என்ற கட்டம்தான் எங்கள் பிள்ளைகளைத் தடுக்கி விழவைத்தது. பள்ளி அளவில் நின்றால் சில புள்ளிதான். மாவட்டம், மாநிலம், தேசியம் என்று மேலே போகப் போகத்தான் ஏறும். மாவட்டப் போட்டி பாகான் செராயில் நடக்கும், அதைச் சமாளிக்கலாம். மாநிலப் போட்டி என்றால் ஈப்போ. பாரிட் புந்தாருக்குப் பினாங்குதான் பக்கம். ஈப்போ நூறு கிலோமீட்டருக்கு மேல். விடிவதற்கு முன் கிளம்ப வேண்டும், திரும்ப இரவாகும். பிள்ளையை ஏற்றிப்போகக் கார் உள்ள பெற்றோர் முன்வருவார்கள். மோட்டார் சைக்கிளும் கூலி வேலையும் உள்ள பெற்றோர், ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு எப்படி வருவார்கள்? பேச்சுப் போட்டியில் மாவட்டத்தில் முதலாவதாக வந்த மாணவி ஒருத்தி ஈப்போவுக்கு வராமலே நின்றாள். பள்ளி வேனில் வேறு ஒரு குழுவுக்கு இடம் ஒதுக்கியிருந்தார்கள். அவளை நான் என் காரிலேயே கூட்டிப்போகலாம் என்று இருந்தேன். வெளியூர்ப் பயணத்துக்கான பெற்றோர் சம்மதக் கடிதம் உரிய நேரத்தில் வரவில்லை. அவளுடைய பெற்றோர் அந்த வாரம் இரட்டை வேலையில் இருந்தார்கள்.

இதற்கிடையே அந்தத் தோட்டத்து மாலையும் கரைந்துபோனது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டன. லயத்துக் குடும்பங்கள் பட்டணத்து ஓரத்து மலிவு விலை வீடுகளுக்கு இடம் மாறின. பெரட்டுக் களம், கோயில் முன்றில், காற்பந்துத் திடல் எதுவும் கூட வரவில்லை. அவற்றோடு மன்றமும் போனது. புது வீட்டுக்குப் பள்ளி முன்னைவிடப் பக்கம்தான். ஆனால் அப்பா தொழிற்சாலையில் மாற்றுநேர வேலை, அம்மா சுத்திகரிப்பு வேலை. மூத்தவள் வீட்டில் இருந்து தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பள்ளிகள் ஒருவேளைப் பள்ளியாக மாறியபோது இட நெருக்கடி தீர்ந்தது, நல்ல காரியம்தான். ஆனால் மதியப் பள்ளி போனதோடு ஆறரை மணி பஸ்ஸும் போனது. நாலரைக்குக் கவாத்து முடிந்தால் வீட்டுக்கு வண்டி இல்லை.

டியூஷனையும் சொல்ல வேண்டும். 1982-இல் டாக்டர் எம். தம்பிராஜா தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையம் நாடெங்கும் ஆயிரக்கணக்கான தமிழ்ப் பிள்ளைகளைத் தேர்வுக்குத் தயார்படுத்தியது. தோட்டத்துப் பிள்ளைகள் பல்கலைக்கழகம் போனதில் அதன் பங்கை நான் நன்றியோடு நினைக்கிறேன். அதைப் பார்த்து ஊருக்கு ஊர் டியூஷன் வகுப்புகள் முளைத்தன. ஐந்தாம் படிவத்து எஸ்.பி.எம். தேர்வு ஆண்டில் ஒரு பிள்ளையின் மாலை முழுதும், சனி ஞாயிறும் அதில் போயின. தொண்ணூறுக்காக ஓடி ஓடிப் பெற்றோர் அந்தப் பத்தை மறந்தார்கள். பத்து என்ன தருகிறது என்பதை அவர்களுக்குச் சொல்லவும் ஆளில்லை. மன்றத்தில் வளர்ந்த அப்பாக்கள் என் அப்பாவின் தலைமுறையோடு முடிந்துவிட்டார்கள்.

நான் பணியில் இருந்த கடைசி ஆண்டுகளில் சில வழிகள் செய்து பார்த்தோம், பலன் தந்தன. முதலாவது, தமிழ்மொழிக் கழகக் கூட்டத்தையும் சீருடை இயக்கக் கவாத்தையும் ஒரே நாளில் அடுத்தடுத்து வைத்தோம். ஒரு நாள் தங்கினால் இரண்டு வேலை முடிந்தது. இரண்டாவது, பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் பேசி, புறப்பாட நாளுக்கு மட்டும் ஐந்து மணிக்கு ஒரு வேன் ஏற்பாடு செய்தோம். பிள்ளைக்கு ஆன செலவு ஒரு தட்டு நாசி லெமாக் விலையை எட்டவில்லை. முடியாதவர்களுக்குப் பழைய மாணவர்கள் கொடுத்தார்கள். மூன்றாவது, ஐந்தாம் படிவம் முடித்தவர்களின் சீருடையையும் காலணியையும் வாங்கி அலமாரியில் வைத்து அடுத்த ஆண்டுப் பிள்ளைக்குக் கொடுத்தோம். நான்காவது, கோயிலில் தேவாரம் ஓதுகிற பிள்ளை, இரத்த தான முகாமில் உதவுகிற பிள்ளை, சிலம்பம் பழகுகிற பிள்ளை ஆகியோரின் சான்றிதழையும் படத்தையும் பாடாண்டின் தொடக்கத்திலேயே கேட்டு வாங்கினோம். சமூகச் சேவைக்கு மதிப்பீட்டில் இடம் உண்டு. ஆனால் தாள் இல்லாத சேவையைக் கணினி ஏற்காது. வேன் ஓடத் தொடங்கிய பிறகு கூட்டத்துக்கு வந்தவர்களின் வரிசை நீண்டது. ஆர்வமில்லை என்று முன்பு பேர் வாங்கிய அதே பிள்ளைகள்தான் அந்த வரிசையில் நின்றார்கள்.

பாரிட் புந்தாரில் 2015 முதல் மின்ரயில் நிற்கிறது. தைப்பிங்குக்கும் பட்டர்வொர்த்துக்கும் போகிற தடம் முன்னைவிட எளிதாகிவிட்டது. வழிகள் திறந்திருக்கும் காலம் இது. இப்போது இடைநிலைப்பள்ளியில் பிள்ளை உள்ள ஒவ்வொரு பெற்றோரிடமும் நான் கேட்பது: புறப்பாட அட்டவணையைப் பள்ளி திறந்த முதல் வாரத்திலேயே வாங்கிச் சுவரில் ஒட்டுங்கள். அந்த நாளில் டியூஷன் வைக்காதீர்கள். கூட்டிவர முடியாவிட்டால் பக்கத்து வீட்டுப் பெற்றோரோடு முறை வைத்துக்கொள்ளுங்கள். ஆசிரியர் நண்பர்களிடம் கேட்பது: ஒரு பிள்ளை கழகத்துக்கு வராவிட்டால் வருகைப் பதிவேட்டில் கோடு போடும் முன், வீட்டுக்கு எப்படிப் போகிறாய் என்று கேளுங்கள். பழைய மாணவர்களிடம் கேட்பது: உங்கள் பள்ளியில் அந்த வேனுக்கு ஆண்டுக்கு ஒரு மாதச் செலவை ஏற்றுக்கொள்ளுங்கள்.

கரும்புக் காட்டிலும் ரப்பர் மரத்தடியிலும் வளர்ந்த சமூகம் தன் மாலையைத் தானே மன்றமாக்கிக்கொண்டது, கணக்கு எழுதியது, மேடை போட்டது, பிள்ளைகளுக்குப் பேசக் கற்றுக்கொடுத்தது. திறமைக்கு எங்களிடம் என்றும் குறையில்லை. வண்டிக்குத்தான் குறை. அது பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசினால் தீர்ந்துவிடுகிற குறை.